தடியன் தேடிய குரல்

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டு அக்கா எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். அந்தப் போனால் வந்த வினைதான் இந்தக் கடிதம்.

அப்பா காலமானபின் அவர் வளர்த்த தடியனை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம் இல்லையா? ஏழு வயது நாய். வந்ததும் மாடிப்படிக்கு அடியில் சுருண்டுகொண்டான். சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது என் மகள் வாயாடி ஸ்பீக்கரில் போட்டாளே, உனக்கும் அப்பாவுக்கும் ஒரே குரல், பஸ்ஸில் அவர் டிக்கெட் கேட்ட அதே கண்டக்டர் குரல். தடியன் பாய்ந்து வந்தான். போனை முகர்ந்தான். அறை அறையாகத் தேடினான். குளியலறைக் கதவைப் பிறாண்டினான். மறுநாள் முழுக்க வாசலில் கிடந்து முனகினான்.

"பாவம், வாராவாரம் உங்க அப்பாவை அவன் புதுசா சாகக் கொடுக்கணுமா?" என்கிறார் உன் அத்தான்.

எங்கள் சின்ன வீட்டில் எங்கே ஒளிந்து பேசினாலும் அவனுக்குக் கேட்டுவிடுகிறது. நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து பேசலாம் என்றால், அங்கே வேலை முடியும்வரை போனைத் தொட விடமாட்டார்கள். கொஞ்ச நாளைக்குப் போன் வேண்டாம்டா. எழுது.

உன் அக்கா

மார்ச் 19

அக்கா,

சரி. தடியனுக்காக என்றால் சரி.

அவன் படிக்கு அடியிலேயே இருக்கட்டும். ஒரு சாக்கை விரித்துவிடு, இழுக்காதே. வாயாடியைக் கட்டிப்பிடிக்க விடாதே. பக்கத்தில் உட்கார்ந்து, அவனைப் பார்க்காமல் வீட்டுப்பாடத்தைச் சத்தமாகப் படிக்கட்டும். சாப்பாடு தினமும் ஒரே நேரத்தில். தின்னாவிட்டால் எடுத்துவிடு, கெஞ்சாதே. அப்பா தட்டை வைத்துவிட்டு முதுகைக் காட்டி நிற்பார். அப்போதுதான் நம் தடியன் துரை சாப்பிடுவார்.

எனக்கு இந்த வெளிநாட்டில் அதே குளிர்பதனக் கிடங்கு, அதே பெட்டிகள். அறையில் நான்கு பேர். நான் வரும்போது மற்றவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள்.

ஒன்று சொன்னால் திட்டாதே. அன்று அவன் ஓடிவந்தபோது நகம் தரையில் படும் சத்தம் எனக்குப் போனில் கேட்டது. சந்தோஷமாக இருந்தது.

தம்பி

ஏப்ரல் 11

தம்பி,

சாப்பிட்டுவிட்டான்! நான் முதுகைக் காட்டி நின்றேன், பின்னால் சளக் சளக்கென்று சத்தம். திரும்பிப் பார்க்க எவ்வளவு ஆசை தெரியுமா? அடக்கிக்கொண்டேன்.

நேற்று அத்தானின் ஆபீஸ் பையில் மூத்திரம் போய்விட்டான். நான் பயந்துபோனேன். அவர், "இன்னிக்கு லீவு போடுங்கன்னு சொல்றான், இந்த வீட்ல எனக்குன்னு இவன் ஒருத்தன்தான்" என்று பையைக் கழுவினார்.

அந்த ஒரு கடிதத்துக்குப் பிறகு நீ ஏன் எழுதுவதே இல்லை? அதற்கப்புறம் நான் போட்ட மூன்று கடிதத்துக்கு ஒரு பதிலாவது போடக் கூடாதா? எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி இருக்கிறாயே.

அக்கா

ஏப்ரல் 30

அக்கா,

கோபிக்காதே. எழுத இங்கே சங்கதி ஒன்றும் இல்லை. போன வாரம் தலைவலி மாத்திரை வாங்கக் கடைக்குப் போனேன். வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. சளி ஒன்றுமில்லை. இரண்டு நாளாக யாரிடமும் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கடைக்காரர் நான் ஊமை என்று நினைத்து, கையைக் காட்டிக் காட்டி விளக்கினார். சிரிப்புதான்.

தடியனுக்கு இப்போது வெயில் ஒத்துக்கொள்ளாது. நிறையத் தண்ணீர் வை.

தம்பி

மே 22

தம்பி,

நல்ல செய்தி. நேற்று வாயாடி உன் பழைய வாய்ஸ் மெசேஜை ஓடவிட்டுவிட்டாள். எனக்குப் பக்கென்றது. தடியன் தலையைத் தூக்கினான். காதை நிமிர்த்திக் கேட்டான். பிறகு ஒரு கொட்டாவி விட்டு, அவள் மடியிலேயே தலையை வைத்துத் தூங்கிவிட்டான்.

"அம்மா, இவன் இனிமே நம்ம வீட்டுப் பிள்ளை!" என்று குதிக்கிறாள்.

இனிப் பயமில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, எல்லோரும் காத்திருப்போம்.

அக்கா

ஜூன் 9

அக்கா,

நான் கூப்பிடவில்லை. காத்திருந்திருப்பீர்கள். மன்னித்துவிடு.

உன் கடிதத்தைக் கிடங்கு வாசலில் நின்று படித்தேன். அவன் நிம்மதியாகத் தூங்குகிறான், சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கு அழுகை வந்தது. அப்பா செத்த செய்தி வந்த அன்று எனக்கு அழுகை வரவில்லை. லீவு கிடையாது என்றார்கள், திரும்பிப்போய்ப் பெட்டி அடுக்கினேன். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. அந்தக் குரலைத் தேடி ஒரு ஜீவன் ஓடியவரை, அவர் எங்கோ டூட்டியில் இருக்கிறார் என்றே இருந்தேன். இப்போது தடியனும் ஒத்துக்கொண்டுவிட்டான். நான் மட்டும்தான் பாக்கி.

பேசினால் என் வாயிலிருந்து அப்பா பேசுவார். அதைக் கேட்க எனக்கே பயமாக இருக்கிறது.

தம்பி

ஜூன் 21

தம்பி,

ஊமை என்று கடைக்காரர் நினைத்ததை நீ எழுதியபோது நானும் சிரித்தேன்டா. இப்போது அந்தக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். சிரிக்க முடியவில்லை. நாய் சாப்பிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், உன்னைக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானே கூப்பிடுகிறேன். நீ ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். அழ வேண்டுமென்றால் அழு. நான் பாத்திரம் கழுவுவேன், அத்தான் ஏதாவது உளறுவார், வாயாடி அவரோடு சண்டை போடுவாள். கேட்டுக்கொண்டிரு.

போனை மட்டும் எடு.

அக்கா