அலமாரியில் ஏழு பாட்டில்

இட்டஹரி, நேபாளம்
மங்சிர் 14

யுனிஷாவின் அப்பாவுக்கு,

உங்கள் மனைவி கோமா எழுதுவது. அங்கே நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் பாதியிலேயே “அண்ணங்கிட்ட கேட்டுக்கோ” என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாதே என்றுதான் எழுதுகிறேன். லீவு முடிந்து வெள்ளிக்கிழமை தோஹாவுக்குத் திரும்பும் நம் ஊர் மன்பகதூரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

யுனிஷாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து இன்று ஆறாவது நாள். போன தடவை வந்த அதே சிறுநீர்த் தொற்றுதான். இந்தத் தடவை எந்த மருந்துக்கும் மசியவில்லை, சிறுநீரகம் வரை ஏறிவிட்டதாம். பரிசோதனைக் காகிதத்தில் பதினான்கு மருந்துகளின் பெயர். பன்னிரண்டு பயன்படாது என்று போட்டிருக்கிறது. மிச்சம் இரண்டும் ஊசி. நான்கு வயதுக் குழந்தைக்கு இரண்டு கையிலும் குத்த இடமில்லை, இப்போது காலில் ஏற்றுகிறார்கள்.

இந்த வருடம் கொடுத்த மருந்தையெல்லாம் கொண்டுவரச் சொன்னார் டாக்டரம்மா. அலமாரியிலிருந்து எடுத்துப்போய் மேசையில் வைத்தேன். ஏழு பாட்டில். எல்லாம் உங்கள் அண்ணன் தன் மருந்துக்கடையிலிருந்து கொடுத்தது, எல்லாவற்றிலும் பாதி மிச்சம். “ஏம்மா, சாமிக்குப் படைக்கவா எடுத்து வெச்சீங்க?” என்றார். காய்ச்சல் விட்டதும் நிறுத்தி அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளச் சொன்னது உங்கள் அண்ணன். கடைக்கு வருகிறவர்கள் அவரை டாக்டர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவரும் நம்பிவிட்டார். அரைகுறை மருந்தில் சாகாமல் தப்பிய கிருமிதான் இப்போது எதற்கும் பயப்படாமல் உட்கார்ந்திருக்கிறதாம். பாட்டிலைத் திறந்து ஊட்டியது என் கைதானே. அவர்மேல் வந்த ஆத்திரத்தைவிட என்மேல் வந்ததுதான் அதிகம்.

நேற்று முதல் காய்ச்சல் இறங்கியிருக்கிறது. இன்னும் எட்டு நாள் ஊசி பாக்கி. அதற்குள் நேற்றே உங்கள் அண்ணன் எட்டாவது பாட்டிலோடு வார்டுக்கு வந்து நின்றார். “காய்ச்சல்தான் விட்டுடுச்சே, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம். மிச்சத்துக்கு இது போதும். தம்பியும் சரின்னுட்டான்” என்றார். எதற்குச் சரி என்றீர்கள்? அந்தக் காகிதத்தைப் பார்த்தீர்களா?

எட்டு வருடமாக அவர் முன்னால் முக்காடு போட்டுக் கதவோரம் நின்று தலையைத்தான் ஆட்டியிருக்கிறேன். நேற்று முக்காட்டை விலக்கி, அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்: “ஊசி முடியாம எம்பொண்ணு இந்தக் கட்டில விட்டு இறங்க மாட்டா. பாட்டில எடுத்துட்டுக் கிளம்புங்க.” பக்கத்துக் கட்டில்காரி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். இப்போது வீட்டில் அதுதான் பேச்சு, குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்க ஆளில்லை. “மூத்தவர எதிர்த்துப் பேசிட்டு எந்த மூஞ்சியோட வீட்டுக்கு வருவ?” என்று ஓரகத்தி போனில் கத்தினாள். அவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்.

நான் யுனிஷாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, “அப்போ இன்னிக்கு ஊசி இல்லையா?” என்றாள். வேறு யாரிடமும் கேட்பதாக இல்லை. நீங்கள் அண்ணனைக் கூப்பிட்டு, எட்டு நாளும் அவள் இங்கேயே இருப்பாள் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

வெயிலில் வேலை, தண்ணீர் நிறையக் குடியுங்கள். நீங்கள் புறப்படும்போது அண்ணன் உங்கள் பெட்டியில் ஒரு பொட்டலம் மாத்திரை வைத்தாரே, காய்ச்சல் வந்தாலும் அதைத் தொடாதீர்கள். எனக்கு நீங்களும் வேண்டும்.

கோமா