பள்ளத்துப் பனி உருகும்வரை

சித்தூர்
மே 30

அன்புள்ள ஹரிப்ரியாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் நினைத்தேன். பொய் எழுத மனம் வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் கொதித்துக்கொண்டிருக்கிறது. போனில் பேசலாம் என்றால், நீ மலையிலிருந்து சிக்னல் உள்ள இடத்துக்கு இறங்கி வந்து, "கேக்குதா, கேக்குதா" என்று கத்துவதிலேயே நேரம் போய்விடுகிறது. அதனால் கடிதம். ரேஷன் ஏற்றிவரும் ஆள் உன் கூடாரத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பார் என்றாயே, அந்த மணாலிக் கடை முகவரிக்கே அனுப்புகிறேன்.

உன் தம்பி தனசேகர் முந்தாநாள் ஸ்ரீசிட்டியிலிருந்து வந்தான். நம் பிரித்திகாவைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் மொட்டை போட வேண்டும் என்று கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கியிருக்கிறான். அவன் வந்து பையை இறக்கிவைத்த பிறகு வருகிறது உன் செய்தி, பனி இன்னும் உருகவில்லை, இப்போது வர முடியாது என்று. "அக்கா வருதா, பனி வருதா, யார்னா ஒருத்தர் கரெக்டா சொல்லுங்க மாமா" என்றான். சாப்பிட்டான், தூங்கினான், காலை பஸ்ஸில் போய்விட்டான். அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோபம் உன்மேல் இல்லை என்று எழுதலாம். அதுவும் பொய். பாதி உன்மேல்தான்.

வேண்டிக்கொண்டது நீ, ஹரிப்ரியா. பிரித்திகா குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, ஆஸ்பத்திரி ஜன்னலில் திருமலை இருக்கும் பக்கம் பார்த்து, மூன்று வயது முடிவதற்குள் அம்மாவும் அப்பாவும் சேர்ந்து அலிபிரிப் படி ஏறி வந்து முதல் முடியைக் கொடுக்கிறோம் என்று கும்பிட்டாய். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றுவரை அவள் தலையில் கத்திரி படவில்லை. ஜூலையில் மூன்று முடிகிறது. முடி பாதி முதுகுக்கு வந்துவிட்டது. இந்த வெயிலில் பிடரி முழுக்க வேர்க்குரு. சீப்பை எடுத்தாலே வீடு இரண்டாகிறது. எனக்கு அக்காவாகப் பிறந்த பாவத்துக்குப் பத்மினி தன் வீட்டு வேலையைப் போட்டுவிட்டு தினமும் வந்து, கதை சொல்லிச் சொல்லிப் பின்னிவிட்டுப் போகிறாள்.

என் பக்கமும் கொஞ்சம் பார். ஜூன் பாதியில் காய் வரத் தொடங்கிவிடும். அப்புறம் மாங்கூழ் ஃபேக்டரியில் எனக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. லாரிகள் கேட்டுக்கு வெளியே ரோடு வரைக்கும் நிற்கும். மேனேஜரிடம் இப்போதே மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "சீசன்ல லீவு லேது ஜெகநாதன்" என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லிவிட்டார். சீசன் முடிவதற்குள் குழந்தைக்கு மூன்று வயது தாண்டிவிடும். ஆக, காய் வருவதற்கு முன்னால் நீ வந்தால்தான் உண்டு.

மே மாதம் நடுவில் நீ ஒரு போட்டோ அனுப்பினாய், பனிக்கட்டி ஓரத்தில் மஞ்சளாய் ஒரு பூ, ஆராய்ச்சிக்காக நீ அங்கே காத்துக்கிடக்கும் அதே பூ. அதைப் பார்த்து நான் தலைகால் புரியாமல் ஆடினேன். எங்கள் பக்கம் மாமரம் பூத்துவிட்டால் மற்றதெல்லாம் விரல் விட்டு எண்ணிவிடலாம். எப்போது பிஞ்சு, எப்போது காய், எப்போது லாரி என்று பூவைப் பார்த்தே சொல்லிவிடுவோம். அதே கணக்கை உன் மலைக்கும் போட்டேன். பூ வந்துவிட்டது, வேலை முடிந்தது, ஹரிப்ரியா வந்துவிடுவாள் என்று திருமலையில் ரூம் போட்டேன், தனசேகரை லீவு வாங்கச் சொன்னேன், உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்புறம்தான் உன் விளக்கம் வந்தது. வெயில் படும் சரிவில் மட்டும் பனி உருகியிருக்கிறது, அங்கே மட்டும்தான் பூ. நிழல் விழும் பள்ளத்தில் பனி ஆள் உயரத்துக்கு அப்படியே கிடக்கிறது. அதற்கு அடியில் அதே செடி, போன வருஷமே கட்டிவைத்த மொட்டோடு காத்திருக்கிறது. பனி எப்போது விலகுகிறதோ, அதை வைத்துத்தான் அது பூக்கும். சரிவில் அவசரப்பட்டுப் பூத்ததெல்லாம் ஒரே இரவு உறைபனியில் கருகிவிட்டது. இனி இந்த வருஷம் உனக்கு மிச்சம் அந்தப் பள்ளம்தான். நீ இறங்கி வரும் வாரத்தில் அது பூத்துவிட்டால் எல்லாம் போச்சு.

புரிகிறது. போன வருஷம் பனி குறைவு, சீக்கிரமே உருகிவிட்டது. நீ குழந்தையின் காய்ச்சலுக்காக இங்கே இருந்தாய், போய்ச் சேர்வதற்குள் பூத்து முடிந்துவிட்டது. ஒரு வருஷ வேலை வீண். இந்த முறையும் தவறவிட்டால் ஆராய்ச்சிப் படிப்பையே மூட்டை கட்ட வேண்டும் என்று உன் கைடு சொன்னதும் தெரியும். எல்லாம் தெரிந்தும் எரிச்சல் அடங்கவில்லை. போன வருஷம் அந்தப் பனிக்கு அப்படி என்ன அவசரம், இந்த வருஷம் என்ன சோம்பல்? நம் வீட்டு நல்ல காரியத்துக்கு நாள் குறிக்க அது யார்?

முடிவாகச் சொல்கிறேன். ஜூன் பத்துக்குள் நீ வரவில்லை என்றால் நானும் அக்காவும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் மொட்டை போட்டுவிட்டு வந்துவிடுவோம். உன் இடத்தில் அக்கா நிற்பாள். சாமிக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

ஜூன் 2

மேலே உள்ளதை எழுதி ஒட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். தபாலில் போடவில்லை. இப்போது பிரித்துத் தொடர்கிறேன்.

நேற்று மத்தியானம் அக்கா ரவிக்கைக்கு ஹெம்மிங் போட்டுக்கொண்டிருந்தவள், பால் பொங்குகிறது என்று அடுப்படிக்குப் போயிருக்கிறாள். திரும்பி வந்து பார்த்தால் நூல் வெட்டும் கத்திரி குழந்தை கையில். காதுக்குப் பக்கத்தில் ஒரு கொத்து முடி அடியோடு போய்விட்டது. தரையெல்லாம் முடி. நல்லவேளை, காயம் எதுவும் இல்லை. அக்கா போன் போட்டு, "சாமி முடிடா, சாமி முடி" என்று அழுதாள். நான் ஃபேக்டரியிலிருந்து ஓடி வந்தேன். அதற்குள் அவள் ஒவ்வொரு இழையாகப் பொறுக்கி மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தாள்.

வருகிற வழியெல்லாம், இன்றைக்கு இரண்டு அடி போடாமல் விடுவதில்லை என்றுதான் வந்தேன். குழந்தை கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வெளியே போகும் செருப்பைத் தானே மாட்டியிருக்கிறாள், இடது வலது மாற்றி. என்னைப் பார்த்ததும், "நைனா, முடி எட்த்தாச்சி. அம்மா வந்துகினு கீதா?" என்று கேட்டாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்காதான் சொன்னாள். தலை பின்ன உட்காரவைப்பதற்காக, முடி எடுக்கிற அன்றைக்கு அம்மா வந்துவிடும் என்று தினமும் சொல்லியிருக்கிறாள். குழந்தை அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது. கோபமாக வந்தவன் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். இருட்டும்வரை அவள் கேட்டை விட்டு வரவில்லை. ஒவ்வொரு ஆட்டோ சத்தத்துக்கும் எட்டிப் பார்த்தாள்.

என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. அந்தப் பனிமேல் இருக்கும் கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஜூன் பத்து என்று எழுதினேனே, அதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். நீ இல்லாமல் அவளை அந்தப் படி ஏற்ற மாட்டேன். மொட்டை போட்டு முடித்த பிறகு அம்மா எங்கே என்று கேட்டால், மலைமேல் நின்றுகொண்டு நான் என்ன சொல்வேன்? மூன்று தாண்டினால் தாண்டட்டும், சீசன் முடிந்து போவோம். பிள்ளையைக் கொடுத்த சாமிக்குக் கொஞ்சம் பொறுக்கவும் தெரியும்.

போட்டது போட்டபடி ஓடி வந்துவிடாதே. உன் பள்ளத்துப் பனி நல்லபடியாக உருகட்டும், அங்கே ஒரு பூகூடக் கருகாமல் மலரட்டும் என்று இன்று காலை விளக்கேற்றிக் கும்பிட்டேன். பனிக்காக வேண்டிக்கொண்டவன் சித்தூரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பூத்ததும் உன் வேலையை ஒழுங்காக முடி. முடித்த அன்றே கிளம்பிவிடு.

வீட்டில் இருக்கிற கத்திரி எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டேன். ஆனாலும் சீக்கிரம் வா, ஹரிப்ரியா. அவள் தலையில் இன்னும் நிறைய முடி இருக்கிறது.

இப்படிக்கு,
வழி பார்த்திருக்கும்
ஜெகநாதன்