நீ அனுப்பிய எயார் பில்டர்

பல்லேகல,
திங்கட்கிழமை.

அன்புள்ள மச்சான் யுகேஷுக்கு,

கிருஷ்ணராஜ் எழுதுறது. நாங்க எல்லாரும் சுகம்னு எழுத ஆசைதான், எழுதினா பொய். போன்ல உங்கப்பா பேச்ச எடுத்தாலே கட் பண்ணிடுற. அதான் புதன்கிழமை துபாய்க்குத் திரும்புற துஷ்யந்தி அக்கா கையில இதக் குடுத்து விடுறேன். கோவப்படாம முழுசா படி.

நீ அனுப்பின எயார் பில்டர் செட்ட போன மாசமே உன் காருக்குப் பூட்டிட்டேன். பழைய பிளாஸ்டிக் பெட்டியக் கழட்டி, புதுக் குழாய இறக்கி, சென்சர மாத்தி, நாலு டயருக்கும் தேசிக்காய் வச்சு நசுக்கித்தான் வெளிய எடுத்தேன். மிதிச்சா என்னமா உறுமுது! கராஜே திரும்பிப் பாத்துச்சு. எனக்குப் பெருமை தாங்கல. அந்தப் பெருமையில மண்ணு விழ!

பேட்டரி இறங்காம இருக்க ஞாயிறு ஞாயிறு ஓட்டச் சொன்னியே, ரெண்டு வருசமா மடுல்கெல்லைக்கு, உங்க வீட்டுக்குத்தான் ஓட்டிட்டுப் போறேன். நீ ஏசுவன்னு உன்கிட்ட சொல்லல. சீனி வருத்தத்துல உங்கப்பாவுக்குக் கண்ணு ரெண்டும் போனது உனக்குத் தெரியும். காது மட்டும் அப்பிடியே இருக்கு. கோயில் வளைவுல வண்டி திரும்பும்போதே எழும்பி உக்காந்துடுவாரு. பயல் வந்துட்டான், தேத்தண்ணி வைன்னு உன் தங்கச்சி லோஜினிய விரட்டுவாரு. நான் உள்ள போய், நான்தான் மாமான்னதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவாரு. அடுத்த ஞாயிறும் அதே கதைதான். இந்த வண்டிச் சத்தம் இனி என் காதுல விழக்கூடாதுன்னு உன்ன வெரட்டின மனுசன்டா!

புது பில்டரோட மூணு ஞாயிறு போனேன். மனுசன் அசையவே இல்ல. மூணாவது வாரம் லோஜினிகிட்ட கேட்டாராம், வண்டியவும் வித்துட்டானா, அப்ப இனி வரவே மாட்டானான்னு. அன்னையிலேருந்து சோறு தொடல. விக்கல மாமா, சத்தம்தான் மாறிச்சுன்னு தலையால தண்ணி குடிச்சுப் பாத்தேன், நம்பல. டாக்டர் இனி நாள் கணக்குத்தான்னு சொல்லிட்டாரு. நான் பாவிடா மச்சான்.

நேத்து உன்னக் கேக்காம எல்லாத்தையும் கழட்டி, பழைய பெட்டியவே பூட்டிட்டு மேல உங்க வீட்டுக்குப் போனேன். வாசல்ல நிறுத்தினதும் உள்ளேருந்து மாமா குரல் கேட்டுச்சு. கதவ நல்லாத் திற லோஜினி, அப்பா இனி ஏச மாட்டேன்னு சொல்லி அவனக் கூட்டிட்டு வான்னாரு. நான் இறங்கல. எந்த மூஞ்சிய வச்சிட்டு, நான்தான் மாமான்னு சொல்ல? எஞ்சின நிறுத்தாம பத்து நிமிசம் உக்காந்து அழுதுட்டுத் திரும்பிட்டேன். பயலுக்கு இன்னும் கோவம் ஆறல, அடுத்த ஞாயிறு உள்ள வருவான்னு சொல்லி அரைக் கோப்பை தேத்தண்ணி குடிச்சாராம்.

உன் புது பில்டர் பத்திரமா இருக்கு, பிறகு பூட்டிக்கலாம். ஞாயித்துக்குள்ள வந்துடு மச்சான். ஏர்போட்டுக்கு நானே வண்டி கொண்டு வர்றேன். கோயில் வளைவுக்கு முன்னாலயே நான் இறங்கிக்கிறேன். அங்கேருந்து நீ தனியா ஓட்டிட்டுப் போ.

மாரியம்மா உன்ன நேரத்துக்குக் கொண்டு வந்து சேக்கட்டும்.

உன் கால்ல விழாத குறையா,
கிருஷ்ணராஜ்