நீ அனுப்பிய ஆற்றங்கரைப் படம்

முசிறி

அன்பு மகன் சிவசங்கருக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அந்த ஊர்க் குளிரில் நீயும் சுபஸ்ரீயும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று சமயபுரத்தாளிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

நீ வரைந்து அனுப்பிய நம் ஆற்றங்கரைப் படம் வந்து சேர்ந்தது. அப்பா அதற்கு ஸ்ரீரங்கத்தில் கண்ணாடி போட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முசிறி பஸ் ஏறி, மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். பக்கத்து சீட்டுக்காரர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்களாம். கண்டக்டர், இது எந்த ஊருங்க, லீவு போட்டுட்டுப் போய் உக்காந்துடலாம் போலருக்கே என்றாராம். தினமும் நாலு தடவை அந்தக் கரை வழியாகப் போகிறவர் அவர். அப்பா படத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாராம். ஏன் என்று இப்போது எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

படத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று மாட்டைக் குளிப்பாட்டுகிறாரே நம் வாழைத்தோட்டத்து வீரமலை, அவர் ஐப்பசியில் தவறிவிட்டார். அதே இடத்தில்தான். மணல் அள்ளிய பள்ளம் தண்ணீருக்குள் தெரியவில்லை. மாடு நீந்திக் கரையேறிவிட்டது, அவரை மறுநாள் மத்தியானம்தான் எடுத்தார்கள். உன் படக் கண்காட்சி நேரம், சொன்னால் உனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது என்று நான்தான் அப்பாவையும் சொல்லவிடவில்லை. நீ அது தெரியாமல் அவரை உயிரோடு நிறுத்தி அனுப்பியிருக்கிறாய், தோளில் கிடக்கும் பச்சைத் துண்டைக்கூட மறக்காமல்.

படத்தை எடுத்து உள்ளே வைப்பதற்குள், நம் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி இருளாயி பார்த்துவிட்டாள். அழவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கிட்டே போய் நின்றாள். இங்க முழங்கால் தண்ணிதான்னு தம்பி நெனச்சிருக்கு, அவரும் அப்படித்தாங்க நெனச்சாரு என்றாள். மறுநாள் காலையில் அவளே வந்து படத்தைக் கேட்டாள், ஆதார் கார்டு போட்டோவைத் தவிர அவர் முகம் வீட்டில் இல்லையாம். கொடுத்துவிட்டோம். உன்னைக் கேட்காமல் கொடுத்தது தப்பென்றால் என்னைத் திட்டு. நேற்று போய்ப் பார்த்தேன், அடுப்படிச் சுவரில் மாட்டி, கீழ்ப் பாதியைத் துணியால் மூடியிருக்கிறாள். தண்ணியைப் பாக்க முடியலீங்க என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, அவளைக் கூப்பிட்டு வைக்கிறேன், நீயே இரண்டு வார்த்தை பேசு. நான் உன்னிடம் மறைத்ததையும் அவளிடம் சொல்லிவிடு. நேரத்துக்குச் சாப்பிடு. அம்மன் உங்கள் இருவருக்கும் துணை இருப்பாள். பொங்கலுக்கு வரும்போது ஆற்றில் இறங்கமாட்டேன் என்று அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு, பழகிய இடம்தானே என்று நினைக்காதே.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
அழகம்மாள்