சுரங்கத்துக்கு அந்தப் பக்கம்

அன்பு மகளுக்கு,

சனிக்கிழமை கால்வாய்ப் படகில் இருந்தவர்கள் நாலு பேர்: சுக்கான் பிடித்த உன் அப்பா, உன் அண்ணன் கிளைவ், அவன் மனைவி பெரில், நான். ரொட்டியும் பன்றியிறைச்சியும் நாலு பேருக்குத்தான் அளந்து எடுத்திருந்தேன்.

கைப்பெட்டியோடு நீ பாலத்தடியில் நிற்பாய் என்று யார் கண்டது? எங்கள் படகு மனிதர் நடக்கும் வேகத்தில்தான் போகும் என்பதால், காலை முழுக்கக் கரையில் கூடவே நடந்துவந்தாய். வழியில் படகுக்குக் குறுக்கே வந்த மதகுக் கதவுகளையும் நீயே தள்ளித் திறந்தாய். "சம்பளமில்லாத ஆளு கிடைச்சிருச்சுப்பா!" என்று கிளைவ் சிரித்தான். உன் கன்னத்து வீக்கம் குளவி கொட்டியது என்று பெரிலிடம் சொல்லிவைத்தேன்.

"அப்பா, என்னை ஏத்திக்கங்கப்பா. அவர்கிட்ட திரும்பப் போக மாட்டேன்" என்றாய்.

"கால்வாய் இனி குன்றைக் குடைஞ்ச சுரங்கத்துக்குள்ள போகுது, அதுல நடைபாதை கிடையாது. குன்று மேல ஏறி அந்தப் பக்கம் வந்து நில்லு, ஏத்திக்கிறேன்" என்றார். நீ ஓட்டமாய் ஏறினாய்.

நீ மறைந்ததும், சுரங்க வாயிலுக்கு முன்னால் கால்வாய் அகலமாகும் இடத்தில் அவர் படகைத் திருப்பிவிட்டார்.

"என்னங்க, அவ காத்துக்கிட்டிருப்பாளே?"

"இருக்கட்டும். புருஷன் வீட்டுக்குப் போற பஸ் அங்கதான் நிக்கும்."

நான் உனக்காக ஜெபித்தேன். பிறகு தேநீர் போட்டேன்.

இதை உன் புருஷன் வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன், வேறெங்கே போயிருப்பாய்? போய்ச் சேர்ந்தாயா என்று சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா