மூன்றாவது ஹர்டிலுக்கு முன்னால்

அன்புள்ள தவளைக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை விசாரிக்கப் போவதில்லை. விசாரித்தால் பதில் சொல்கிற நிலையில் நீ இல்லை என்று அங்கே உன்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கிற நண்பர் சொல்லிவிட்டார்.

இதை உனக்குப் படித்துக் காட்டப் போவதும் அவர்தான். ஐயா, உங்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டு விஷயம் எதையாவது எழுதி அனுப்புங்கள், அவன் காதில் விழுந்துகொண்டே இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். எழுதியிருக்கிறேன். நடுவில் உங்களுக்குப் பயமாக இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடருங்கள். ஜன்னலைப் பார்த்தபடியே நிற்கிறான், இவனுக்குக் கேட்கவா போகிறது என்று பாதியில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள். காது கேட்காத மாதிரி இருப்பதில் அவன் சின்ன வயதிலிருந்தே கெட்டிக்காரன்.

தவளை, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. என் மூக்கில் இருக்கிற கரும்புள்ளி வரைக்கும் தெரிகிறதாம், தினமும் காலையில் அறிவிப்பு. குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. வந்து சரி பண்ணுகிறேன் என்று நீ விட்டுப் போன அதே குழாய்தான்.

எனக்கு ஒரு பெரிய வேலை கிடைத்திருக்கிறது. கல்யாணக் கூட்டத்தையும் பாஸ்போர்ட் முகங்களையும் எடுத்து அலுத்துப் போயிருந்தவளுக்கு ஒரு காலண்டர் முழுக்கப் படம் எடுக்கச் சொல்லி வந்தது. எல்லாமே விளையாட்டுப் பயிற்சிச் சாமான்கள். ஒவ்வொன்றும் வாழ்க்கையில் ஒரு கஷ்டத்தைக் காட்ட வேண்டுமாம். பளு தூக்கும் இரும்பு என்றால் குடும்ப பாரம். குத்துப்பை என்றால் அவமானம். எவ்வளவு ஓடினாலும் இருந்த இடத்திலேயே வைத்திருக்கும் டிரெட்மில்லுக்கு மாதச் சம்பளம் என்று போடலாமே என்றேன். காலண்டர்காரர் சிரிக்கவில்லை. தானே எழுதிய வாசகங்களைப் போனில் ராகம் போட்டுப் படித்துக் காட்டுகிற மனிதர் அவர். அவரிடம் போய் நான் வாயைக் கொடுத்தேன்.

சாமான்கள் எல்லாம் ஒரே இடத்தில் வேண்டுமே, அதனால் நீ தடை ஓட்டப் பயிற்சி செய்த கூடத்துக்கே போனேன். கோச் அப்படியே இருக்கிறார். விசில் பழசு, தொப்பை மட்டும் புதுசு. எங்கே வேண்டுமானாலும் நின்று எடுத்துக்கொள், ஆனால் யாருக்காகவும் பயிற்சியை நிறுத்தமாட்டேன் என்றுவிட்டார். காலண்டர்காரரோ படத்தில் ஓர் ஆள்கூட விழக்கூடாது என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தேன்.

அப்புறம் எங்கள் தொழிலில் உள்ள ஒரு வழி நினைவுக்கு வந்தது. லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடியை மாட்டி, காமிராவை ஸ்டாண்டில் வைத்து, நிமிடக் கணக்கில் திறந்தே வைத்திருக்க வேண்டும். ஓடுகிறவர்கள், குதிக்கிறவர்கள் யாருமே படத்தில் பதியமாட்டார்கள். ஓரிடத்தில் நில்லாத எதையும் காமிரா விட்டுவிடும். அசையாமல் இருப்பது மட்டும்தான் விழும். பட்டப்பகலில் கூடம் சந்தைக்கடையாக இரைந்துகொண்டிருக்கும். படத்தைப் பார்த்தால் ஒரு ஈ காக்கை இருக்காது. முதல் படத்தில் எனக்கே உடம்பு சிலிர்த்தது, பிறகு பழகிவிட்டது.

இரும்பு, பை, கயிறு, டயர் எல்லாம் ஒழுங்காக வந்தன. ஓடிவந்து தாண்டுகிற தடைச் சட்டங்களை, அதுதான் உங்கள் ஹர்டில்களை, ஓடிவருகிறவர்களுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்தேன். மூன்றாவது ஹர்டிலுக்கு முன்னால் புகை மாதிரி ஒன்று நின்றது. லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தேன், அப்போதும் நின்றது. சில நாள் கழித்துப் போய் எடுத்தேன். புகைக்குத் தோள் வந்திருந்தது. அதற்கடுத்த முறை, இடது காலைக் கொஞ்சம் முன்னால் வைத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து நிற்கிற நிற்பு தெரிந்தது. யாரென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உன்னைச் சுமந்த இடுப்பு இது.

தவளை மாதிரித் தாவுகிறான் என்று பெயர் வாங்கிய நீ, தேர்வுப் போட்டியில் அந்த ஹர்டிலில்தானே விழுந்தாய். முழங்கால் தேறித் திரும்பி வந்த அன்று கோச் உயரத்தைக் குறைத்து வைத்து ஓடிவரச் சொன்னார். முதல் இரண்டையும் தாண்டினாய். மூன்றாவதுக்கு முன்னால் வந்து நின்றாய். நின்றவன் நின்றவன்தான். கூடத்தை மூடுகிற நேரத்தில் நான் வந்து கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போனேன். கொஞ்ச நாளில் வெளிநாட்டில் கிடங்கு வேலை கிடைத்து விமானம் ஏறிவிட்டாய். புது இடம், புது மனுஷர்கள், பிழைத்துக்கொள்வான் என்று நானும் அம்மாவும் நிம்மதியாக மூச்சு விட்டோம். அன்று நான் கூட்டிப் போனது முழுசாக உன்னைத்தானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

அம்மாவிடம் மறைக்கத்தான் பார்த்தேன். மேஜையில் இருந்த படப் பிரதியை எடுத்துவிட்டாள். அலறப் போகிறாள் என்று நான் பயந்தால், அவள் ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "எளைச்சுட்டான்" என்றாள், அவ்வளவுதான். எப்போது வந்தான், வீட்டுக்கு வராமல் அங்கே என்ன வேலை, என் மேல் கோபமா என்று அடுக்கினாள். அவன் வரவில்லையம்மா, படத்தில் மட்டும்தான் இருக்கிறான் என்றேன். "அது போதும்டி, நாளைக்கும் எடுத்துட்டு வா" என்கிறாள். இப்போது நான் வீட்டுக்குள் நுழைந்ததும் பையைத்தான் பார்க்கிறாள், என்னை அல்ல. ஒவ்வொரு படமும் முந்தியதைவிடத் தெளிவாக இருக்கிறது. முகம் நல்லா விழுந்திருக்கு என்று மெச்சிக்கொள்கிறாள்.

கோச்சிடம் காட்டினேன். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். விசிலை வாயிலிருந்து எடுக்க மறந்துபோய், மூச்சு விடும்போதெல்லாம் அது மெல்லச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அந்த வரிசையில் ஓடுகிற பிள்ளைகள் மூன்றாவதுக்கு முன்னால் தானாகவே விலகுகிறார்கள், கேட்டால் அவர்களுக்கே காரணம் தெரியவில்லை, தரை சரியில்லையோ என்று ரப்பர் விரிப்பைக்கூட மாற்றிப் பார்த்தேன் என்றார். அப்போதே எழுந்து அந்த ஹர்டிலைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாமான் அறையில் போட்டுப் பூட்டினார். மறுநாள் எடுத்தேன். வெறும் தரைக்கு முன்னால் நிற்கிறாய்.

பயமே இல்லாதவர் காலண்டர்காரர் ஒருவர்தான். மாடல் பிரமாதம், ஆள் வேண்டாம் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், இதையே அட்டையில் போட்டு அசையாத மன உறுதி என்று எழுதலாம் என்றார். போனை வைத்துவிட்டேன். கஷ்டத்துக்கு முன்னால் அசையாமல் நிற்பதற்கு உறுதி என்று பெயர் வைக்க அந்த மனிதருக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

ஐயா, அன்றைக்குப் போனில் உங்களிடம் ஒன்று கேட்டேனே, அவனுடைய நீலச் சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறமா என்று. அதை நான்தான் போன வாரம் தைத்துக் கொடுத்தேன், உங்களுக்கு யார் சொன்னது என்றீர்கள். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை, ஐயா. படத்தின் பிரதி இந்த உறைக்குள் இருக்கிறது. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

தவளை, நேற்று நான் ஒரு காரியம் செய்தேன். காமிராவைத் திறந்துவிட்டு ஓடிவந்து உன் பக்கத்தில் நின்றேன். உன் தோள் இருக்க வேண்டிய இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. அக்காவும் தம்பியும் சேர்ந்து ஒரு படம் எடுத்து எத்தனை நாளாகிறது என்று அந்த நேரத்தில் அசட்டுத்தனமாக ஒரு நினைப்பு வேறு. துளிக்கூட அசையவில்லை நான். மூச்சைக்கூட அளந்துதான் விட்டேன். பிள்ளைகள் என்னைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள்.

படத்தில் நான் கலங்கிக் கிடக்கிறேன். எது கண், எது வாய் என்று தெரியவில்லை. நெஞ்சு ஏறி இறங்கியதில் உடம்பே ஒரு கறையாகத்தான் விழுந்திருக்கிறது. உயிருள்ள யாராலும் அத்தனை நேரம் அசையாமல் இருக்க முடியாதுடா. பக்கத்தில் நீ நிற்கிறாய். உன் இமை முடி தெரிகிறது. பொத்தானில் நூல் போன ஓட்டை தெரிகிறது. அத்தனை நேரமும் நீ கண் சிமிட்டவில்லை. மூச்சு விட்டிருந்தால் அந்தப் பொத்தான் கலைந்திருக்கும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ புகையாகத் தெரிந்த நாட்களில் அங்கே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாய், உன் தட்டை நீயே கழுவினாய் என்கிறார் நண்பர். தோள் தெரிந்தபோது படுக்கையை விட்டு எழவில்லை. முகம் தெரிந்தபோது ஜன்னலுக்கு வந்து நின்றுவிட்டாய். இங்கே நீ தெளிவாகத் தெளிவாக, அங்கே நீ நின்றுபோய்க்கொண்டிருக்கிறாய். அம்மா சந்தோஷப்படுகிற ஒவ்வொரு நாளும் உனக்கு ஒரு நாள் குறைகிறது. இதை அவளிடம் நான் எந்த வாயால் சொல்வது? எனக்குப் பயமாக இருக்கிறது, தவளை.

அங்கே வர அனுமதி கேட்டு எழுதிப் போட்டிருக்கிறேன். கைக்கு வந்ததும் கிளம்பிவிடுவேன். அதுவரை உன்னால் தாங்க முடியாது. அதனால் இப்போதே கேட்டுக்கொள். உன்னை யாரும் தாண்டச் சொல்லவில்லை. இனி எப்போதும் சொல்லமாட்டோம். சுற்றிக்கொண்டு போ. வந்த வழியே திரும்பிப் போ. உட்கார்ந்து அழு. எப்படியாவது அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடு. அங்கே இப்போது ஹர்டில்கூட இல்லை, குனிந்து பார். ஐயா, அவன் கையைப் பிடியுங்கள். வலிக்கிற மாதிரி பிடியுங்கள், பரவாயில்லை.

நாளை முதல் தினமும் அதே இடத்தில் காமிராவை வைப்பேன். உன் முகம் அழிய வேண்டும். தோள் கரைய வேண்டும். ஒருநாள் அம்மா படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்கேடி என் புள்ள, ஏமாத்திட்டியே" என்று என்னைத் திட்டித் தீர்க்க வேண்டும். அந்தத் திட்டை வாங்கிக்கொள்ளத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். மூச்சு விடுடா, கண்ணா.

உன் முகம் என் படத்தில் விழவே கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கும்,
அக்கா