நான்காம் கட்டத்தில் ஒரு டிக்

அனுப்புநர்:
பதிவு எண் 4471 நோயாளியின் கணவர்,
லாரி எடை மேடை இயக்குபவர்,
துறைமுகச் சாலை.

பெறுநர்:
முதன்மை அலுவலர்,
சிறுநீரக மாற்றுப் பதிவுத் துறை.

பொருள்: படிவத்தில் உள்ள ‘இனம்’ பகுதியால் என் மனைவி காத்திருப்போர் பட்டியலில் சேர முடியாதது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவிக்கு வயது நாற்பத்தொன்று. இரண்டு சிறுநீரகமும் பழுது. அவை வேலை செய்யும் அளவு இருபதோ அதற்குக் கீழோ வந்தால்தான் பட்டியலில் பெயர் ஏறும். பதினாறு மாதங்களுக்கு முன் அவளுக்கு இருபத்து மூன்று என்றார்கள்.

2. அந்த எண்ணுக்குக் காரணம் நான். வரவேற்பில் இருந்த பெண் என் மனைவியை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ‘இனம்’ என்ற இடத்தில் முதல் கட்டத்தில் டிக் அடித்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். என் மாமியாரின் முன்னோர் கடல் கடந்து வந்தவர்கள். என் மனைவிக்கு அதில் பெருமை. “அவங்கம்மா வழியையும் எழுதுங்க” என்று வாயைக் கொடுத்தேன். டிக் நான்காம் கட்டத்துக்குப் போனது.

3. சென்ற மாதம் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்தவர் அந்தக் கட்டத்தைக் கவனிக்காததால் பதினெட்டு என்று வந்தது. நோய் முற்றியதற்குத் தலைகால் புரியாமல் மகிழ்ந்த ஒரே கணவன் நானாகத்தான் இருப்பேன். மாலைக்குள் அதே ரத்தத்துக்கு இருபத்தொன்று என்று திருத்திவிட்டார்கள். நான்காம் கட்டத்து இனத்தாருக்குச் சிறுநீரகம் கூடுதலாக வேலை செய்யும் என்று வைத்துக் கணக்கில் மூன்று கூட்டுவார்களாம். அப்படியானால் பதினாறு மாதங்களுக்கு முன்பே அவள் இருபதில்தான் இருந்திருக்கிறாள். பத்தொன்பது ஆண்டுகளாக எடை போடுகிறேன் ஐயா. ஓட்டுநரின் பாட்டன் யார் என்று கேட்டு எந்த லாரியையும் நிறுத்தியதில்லை.

4. புகார் செய்ததற்கு, அந்தப் பகுதியை எப்படி எழுதுவது என்று நிபுணர் குழு ஆராய்வதாகப் பதில் வந்தது. ஆறாவது கூட்டத்தில் பின் வரிசையில் உட்கார அனுமதித்தீர்கள், நன்றி. இனம் என்பது ரத்தத்தில் இல்லை, சமூகம் ஒட்டிய சீட்டு என்றார் ஒருவர். வம்சாவளியின் தடயம் மரபணுவில் இருக்கிறது, அடியோடு எடுத்தால் வேறு சில நோயாளிகளுக்குக் கெடுதல் வரலாம் என்றார் இன்னொருவர். இருவரும் நல்லவர்கள். இருவர் சொன்னதும் எனக்கு நியாயமாகவே பட்டது. ‘இனமா’, ‘மூதாதையர் நிலப்பகுதியா’ என்று முடிவாகாமல் கூட்டம் மூன்று மாதத்துக்குத் தள்ளிப்போனது. அந்த நேரம் கீழ்த்தளத்தில் என் மனைவி, வீங்கிய காலில் செருப்பு ஏறாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

5. அவள் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. “எங்கம்மா எனக்கு விட்டுட்டுப் போன சொத்தே அந்த மூணுதான்” என்று சிரிக்கிறாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

6. போன வெள்ளிக்கிழமை அவளே புதுப் படிவம் வாங்கினாள். தாய் வழி என்ற இடத்தில் ‘தெரியாது’ என்று எழுதி, முதல் கட்டத்தில் டிக் போட்டாள். பேனாவை மூடிவிட்டு, தானே கொண்டுபோய் நீட்டினாள். பதிவில் உள்ளதற்கு மாறான தகவல் என்று சாளரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஐயா, குழு நிதானமாகவே முடிவு செய்யட்டும். அதுவரை அந்த மூன்றைக் கூட்டாமல் கணக்கிட்டு, முதல் பரிசோதனை நாளிலிருந்தே அவளைப் பட்டியலில் சேர்க்க உத்தரவிடுங்கள். அவளிடம் மூன்று மாதம் இல்லை. பெற்ற தாயைத் தெரியாது என்று அவள் எழுதிய தாளை இத்துடன் இணைத்துள்ளேன். உயிர் பிழைக்க இன்னும் எதை எழுத வேண்டும் என்றாவது தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: புறநோயாளிகள் கூடம்
நாள்: 12, செவ்வாய்

பணிவுடன்,
(ஒப்பம்)
4471-இன் கணவர்